நாலு விரல் அகல எலாஸ்டிக்

ஜூன் 4

ஊசி,

இந்தக் கடிதத்தை லைனிங் துணிக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். பார்சலை நீதானே பிரிப்பாய், வேறு யார் கையும் படாது. உன் மேடம் வீட்டில் வேலைக்காரர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றாய். சரி, பெரிய நடிகை வீடு, அப்படித்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் திருப்பிக் கொடுத்த பிறகும் நீ என் போனை எடுப்பதில்லையே, அதற்கு எந்த வாசல்காரன் காரணம்?

நீ போய் இரண்டரை மாதம் ஆகிறது. கடை நன்றாக நடக்கிறது. அதை மறைக்க மாட்டேன். நாடறிந்த நடிகைக்கு என் மனைவிதான் உடை தைக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, எதிர்த் தெருவில் பட்டன் வாங்கிக்கொண்டிருந்த தையல்காரம்மாக்கள் எல்லாம் இங்கேதான் வருகிறார்கள். பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்க நிஜத்துல என்ன நிறம்?", "புருஷனை விட்டுட்டாங்களாமே, உண்மையா?" என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? தெரிந்த மாதிரி சிரித்து வைக்கிறேன். சிரிப்புக்கே அரை டஜன் ஜிப் கூட விற்கிறது.

வீட்டைப் பற்றி எழுதுகிறேன். உன் மெஷினைத் தினமும் துடைக்கிறேன். துடைக்கும்போது சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன், வேண்டுமென்றே. "நூல் அறுந்துடும், கையை எடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வருமா என்று நிற்கிறேன். நாற்பத்தி நாலு வயது ஆள் செய்கிற வேலையா இது?

போன அக்டோபரில் நான் செய்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, கடை இரண்டு நாள் மூடியிருந்தது, ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். துக்கத்தில்தான் சொன்னேன். அதற்கு ஐந்து மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஊரைவிட்டே போவதா?

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் கடைக்காரன்

*

ஜூன் 12

கடைக்காரருக்கு,

பார்சல் வந்தது. லைனிங் சரியான நிறம். கொக்கி மட்டும் துருப்பிடிக்கிற சரக்கு, வேண்டாம்; இந்தக் கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறேன்.

திட்டச் சொன்னீர்கள். திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் கட்டிலில் படுத்த அரை மணி நேரத்தில் உங்கள் வாடிக்கைக்காரம்மாக்கள் நாலு பேர் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தங்காமல் போனதற்கு நான் அழுவதற்கு முன்னாலேயே அவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். "முதல் தடவையும் இப்படித்தானாமே" என்றாள் ஒருத்தி. அதை நான் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீங்கள் கடை மேஜையில் வைத்து விற்றுவிட்டீர்கள். துக்கத்தில்தான் விற்றீர்கள், நம்புகிறேன்.

இங்கே நான் இருப்பது மாடியில் ஒரு தையல் அறை. ஜன்னல் வழியே பார்த்தால் வாசல் கேட்டும் அதற்கு வெளியே கேமராவோடு நிற்கிறவர்களும் தெரிகிறார்கள். மேடம் வெயிலில் நின்று தலையைத் துவட்டினால்கூட அடுத்த வாரம் அதற்கு ஒரு தலைப்பு வந்துவிடும். அதனால் இந்த வீட்டில் யாரும் எதையும் சத்தமாகச் சொல்வதில்லை. முதலில் மூச்சு முட்டியது. இப்போது பிடித்திருக்கிறது.

அடுத்த பார்சலில் வேண்டியவை: கறுப்பு நூல்கண்டு ஒரு பெட்டி, கண்ணுக்குத் தெரியாத ஜிப் இரண்டு டஜன், துருப்பிடிக்காத கொக்கி, மெல்லிய கேன்வாஸ், நாலு விரல் அகல மெத்து எலாஸ்டிக் மூன்று மீட்டர்.

நீங்கள் கட்டும் முடிச்சை நான் கத்தரியால் வெட்டுவதில்லை. கையால்தான் அவிழ்க்கிறேன். நேரம் ஆகிறது. ஆகட்டும்.

*

ஜூன் 16

ஊசி,

கையெழுத்துகூடப் போடாமல் முடித்திருக்கிறாய். பரவாயில்லை, முடிச்சை அவிழ்க்கிறேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். இனிமேல் இரண்டு முடிச்சு அதிகமாகப் போடுகிறேன்.

எல்லாம் அனுப்பியிருக்கிறேன். கொக்கி புதுச் சரக்கு, தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

அந்த எலாஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நாலு விரல் அகல மெத்து எலாஸ்டிக்கை யார் கேட்பார்கள், எந்த மாதத்தில் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? வயிற்றை அழுத்தாமல் தாங்க வேண்டும், அதற்குத்தானே அது! யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். உன் மேடத்துக்கு என் வாழ்த்து. அவ்வளவுதான்.

நான் வாயே திறக்க மாட்டேன்.

உன் கடைக்காரன்

*

ஜூலை 3

இந்த வாரப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் எதிர்க்கடை போட்டோ ஸ்டுடியோக்காரர் முதல் ஆளாக வாங்குவாரே. நாலாம் பக்கம், கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்:

"கணவரைப் பிரிந்து வாழும் அந்த முன்னணி நாயகிக்கு இப்போது மூன்று மாதமாம். தந்தை யார் என்பதுதான் கேள்வி. நாயகியின் அளவுகள் மாறிவருவதாகத் தையல் வட்டாரத்திலிருந்து உறுதியான தகவல்."

வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள். இரண்டு பேர் எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இடம் பிடித்துவிட்டார்கள். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு விளக்குப் போட்டுக்கொண்டு தைக்கிறேன். அடுத்த படத்துக்குப் பேசி வைத்திருந்த தயாரிப்பாளர் ஆள் அனுப்பி, டாக்டர் சான்றிதழ் கேட்டிருக்கிறார். அந்த ஆள் போன பிறகு மேடம் என் அறைக்கு வந்து, துணி வெட்டுகிற மேஜையில் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார் என்று எழுத மாட்டேன். உங்களுக்கு என்றில்லை, யாருக்கும் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், யாருக்கும் வரக்கூடாத அழுகை அது.

யார் சொன்னது என்று வீட்டுக்குள் விசாரிக்கிறார்கள். சமையல்கார அக்கா பதினாலு வருடம் இங்கே இருப்பவர். அவருடைய தம்பி ஒரு பத்திரிகை அச்சகத்தில் வேலை செய்கிறானாம். அது போதாதா? நேற்று மேலாளர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி. நீங்களா?

*

ஜூலை 7

ஊசி,

நலமா? இங்கே நல்ல மழை. கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது. புது ஜிப் ஒன்று வந்திருக்கிறது, பல் கொஞ்சமும் சிக்குவதில்லை. மாதிரிக்கு ஒரு டஜன் அனுப்புகிறேன். பத்திரிகைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை, எதையாவது எழுதுவார்கள், இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நீ அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கடைக்காரன்

*

ஜூலை 8

ஊசி,

நேற்று அனுப்பிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அது வந்து சேருவதற்குள் இது வந்துவிட வேண்டும் என்று விரைவு பார்சலில் போடுகிறேன். உள்ளே சரக்கு எதுவும் இல்லை, இது மட்டும்தான்.

நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். சிங்காரி டெய்லர்ஸ் அம்மா கடைக்கு வந்திருந்தார். புதிதாக வந்திருக்கிற ஒரு சின்ன நடிகைக்குத் தைக்கிறாராம். அரை மணி நேரம் அந்தப் பெருமை. "உங்க வீட்டம்மா அங்க சும்மா பட்டன்தான் தைக்கிறாங்களோ என்னமோ" என்றார். எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. "பட்டனா? எங்க சரக்கு எந்த உடம்புக்குப் போகுதுன்னு தெரிஞ்சா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க" என்றேன். "ஏன், என்ன போச்சு?" என்றார். எலாஸ்டிக் சுருளைத் தூக்கி மேஜையில் வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஊசி. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுருளை வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போதுமே.

பக்கத்தில் ஸ்டுடியோக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மச்சான் அந்தப் பத்திரிகையில் கிசுகிசு எழுதுகிறவன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

துக்கத்தில் சொன்னேன் என்று போன தடவை சொன்னேன். இந்தத் தடவை அதுகூட இல்லை. பெருமைக்காகச் சொன்னேன்.

சமையல்கார அக்காவை எப்படியாவது திரும்ப வரவழைக்கச் சொல். என் பெயரைச் சொல். உன் வேலை போகும் என்றால், நான் நேரில் வந்து உன் மேடத்தின் முன்னால் நின்று, நீ ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் கணக்குப் போட்டேன் என்று சொல்கிறேன்.

*

ஜூலை 16

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

நீங்கள் போட்ட கணக்கில் மாதம் சரி. ஆள்தான் தப்பு.

அந்த எலாஸ்டிக் எனக்கு.

நான் கிளம்பும்போது எனக்கே தெரியாது. இங்கே வந்து மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. இப்போது நாலரை மாதம். மற்ற சரக்கோடு சேர்த்து எழுதினால் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன். உங்கள் கண்ணைக் குறைவாக எடை போட்டது என் தப்பு. உலகத்தில் எல்லாப் பெண்ணையும் நினைத்துப் பார்த்த உங்களுக்கு என்னை நினைக்கத் தோன்றவில்லையே என்று முதல் நாள் கோபம் வந்தது. பிறகு தோன்றியது, இரண்டு தடவைக்குப் பிறகு உங்களுக்கும் நினைக்கப் பயமாக இருந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போன தடவை ஐந்தாவது மாதத்தில்தான் போனது. இந்தத் தடவையும் அப்படி ஆனால், என் கால்மாட்டில் நாலு பேர் உட்கார்ந்து அழுவதை என்னால் தாங்க முடியாது. அதற்காகத்தான். உங்களைத் தண்டிக்க இல்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

இன்னொன்று கேளுங்கள். சமையல்கார அக்காவுக்கு இது முன்னாடியே தெரியும். காலையில் நான் வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவிவிட்டவர் அவர்தான். மேலாளர் அவரை நிற்க வைத்துக் கேட்டபோது, "வீட்ல மாசமா இருக்கிறது தையல்காரம்மா, அவங்களைக் கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். பார்த்தால் மேலாளருக்குத் தெரிந்துவிடும் என்றுதான்.

வாய் என்றால் அது வாய்.

நாளைக்கு மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பிறகு நடப்பது நடக்கட்டும்.

ஊசி

*

ஜூலை 19

ஊசி, ஊசி,

பார்சலைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். படித்துவிட்டு உள்ளே நூல் ரேக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெளியே ஒருத்தர் கறுப்புப் பட்டன் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தார். போய்விட்டார். போகட்டும்.

நான் வருகிறேன். நாளைக்கே பஸ் இருக்கிறது. உன் அறை வேண்டாம், அந்தத் தெருவில் எங்காவது ஒரு சுமாரான லாட்ஜ் இருக்காதா? நீ ஜன்னலைத் திறக்கும்போது கீழே நிற்கிறேன். கேமராக்காரர்களோடு இருபத்தோராவது ஆளாக நின்றால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்!

இன்னொரு விஷயம், இதை உன்னிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரரின் மச்சான் இன்று கடைக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, ஒரு வரி போதும். அந்தச் சரக்கு அவங்களுக்குத்தான்னு சொல்லுங்க, இல்ல வேற யாருக்குன்னு சொல்லுங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் அட்டைப்படம்" என்றான். என் நுனி நாக்கில் இருந்தது. என் பெண்டாட்டிக்குடா என்று சொல்லிவிட்டால் உன் மேடத்தின் மேல் விழுந்த அழுக்கு ஒரே நாளில் போய்விடும். நான் போட்ட முடிச்சு, நானே அவிழ்த்த மாதிரி ஆகும். ஆனால் அப்புறம் நாலு பேர் உன் கால்மாட்டுக்குக் கிளம்பிவிடுவார்களே.

இதுவரை யோசிக்காமல் பேசினேன். இப்போது யோசிக்கிறேன், பேச வரவில்லை. நீ சொல். சொல்லட்டுமா, வேண்டாமா? நான் வரட்டுமா, வேண்டாமா?

உன் கடைக்காரன்

*

ஜூலை 26

இரண்டுமே வேண்டாம்.

மேடத்திடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உட்காரு முதல்ல, நிக்காதே" என்றார். எவ்வளவு மாதம், எந்த டாக்டர், இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா, எல்லாம் கேட்டார். அப்புறம்தான் கோபப்பட்டார். என் மேல் இல்லை. "ஒரு சுருள் எலாஸ்டிக்கை வெச்சு என்னைக் கர்ப்பமாக்கின அந்த ஆளை நான் ஒரு நாள் பார்க்கணும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னேன், "மேடம், பத்திரிகைக்கு ஒரு அறிக்கை கொடுத்துடுங்க, எனக்குத்தான்னு சொல்லிடுங்க." அவர் கொஞ்ச நேரம் என் தையல் ஊசிகளை அளவு வாரியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "போன தடவை எத்தனையாவது மாசம்?" என்றார். சொன்னேன். "அப்ப ஆறு முடியட்டும். அதுவரைக்கும் அவங்க என்னையே பார்த்துக்கிட்டு இருக்கட்டும். பதினெட்டு வருஷமா பார்க்கிறாங்க, இன்னும் ஒரு மாசம் பார்த்தா தேய்ஞ்சா போயிடுவேன்?" என்றார்.

தயாரிப்பாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். சான்றிதழ் தர முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். அந்தப் படத்துக்காக எத்தனை மாதம் குதிரை ஏறப் பழகினார் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே மேடம் தானே காரில் போய்ச் சமையல்கார அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதையும் படம் பிடித்து, "ரகசியமாக ஆஸ்பத்திரி சென்றார்" என்று போட்டிருக்கிறார்கள்.

அதனால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆமாம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம். கடையில் இருங்கள். நீங்கள் திடீரென்று கடையை மூடிவிட்டு இங்கே வந்து நின்றால் அந்த மச்சானுக்கு மீதிக் கணக்கு புரிந்துவிடும்.

கீழே வந்து நிற்கிறேன் என்று எழுதினீர்களே. அதைப் படித்துவிட்டு ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் இருபது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

ஊசி

*

ஆகஸ்ட் 11

ஊசி,

கடையில்தான் இருக்கிறேன். இந்த இரண்டு வாரத்தில் பேசிய பேச்சு எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. என்ன நிறம், எத்தனை மீட்டர், சில்லறை இருக்கிறதா. அவ்வளவுதான். சிங்காரி டெய்லர்ஸ் அம்மா, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "பல்வலி" என்றேன். மறுநாள் கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன். பொய்க்கும் மரியாதை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வாடிக்கை பாதியாகிவிட்டது. எதிர்த் தெருவுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். போகட்டும், பட்டன் வாங்க வருகிறவர்கள் வந்தால் போதும்.

மச்சான் மூன்று தடவை வந்தான். கடைசித் தடவை கோபமாக, "அப்ப அன்னைக்கு ஏன் சிரிச்சீங்க?" என்றான். நல்ல கேள்வி.

உன் மேடத்தைப் பற்றி இந்த வாரம் வந்திருப்பதையும் படித்தேன். தந்தை என்று ஒரு டைரக்டர் படத்தைப் போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் இதைப் படித்துவிட்டு, நெருப்பில்லாமலா புகை என்று நானே பேசியிருப்பேன். இப்போது நெருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குக் குதிரை ஏறப் பழகின படமே போச்சு, எனக்கு வெறும் பேச்சுதான் போச்சு. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

ஊசி, எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும், ஆனால் கேட்கப் பயமாக இருக்கிறது. நாள் எண்ணுகிறேன். ஐந்து முடிந்திருக்கும். நீ எழுதாத ஒவ்வொரு நாளும், இன்று பார்சல் வராவிட்டால் நல்லது என்றும் தோன்றுகிறது, வந்தால் தேவலை என்றும் தோன்றுகிறது. பார்சல் வந்திறங்கும் லாரி ஆபீஸ்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

வீட்டில் உன் தலையணை உறையை மாற்றவில்லை. திட்டாதே.

உன் கடைக்காரன்

*

ஆகஸ்ட் 30

ஏங்க,

ஆறு முடிந்தது.

இன்று டாக்டர் சத்தத்தைக் கேட்க வைத்தார். மெஷினை முழு வேகத்தில் ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஓடுகிறது. சமையல்கார அக்கா வெளியே உட்கார்ந்திருந்தார், அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர் என் செருப்பை எடுத்துச் சரியாக வைத்தார்.

மேடம் அடுத்த வாரம் அறிக்கை கொடுக்கிறார். "நான் கர்ப்பமாக இல்லை, இருந்ததும் இல்லை." அவ்வளவுதான். என் பேச்சே அதில் இல்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும் என்கிறார். நாளைக்கு மறுபடி வேறு எதையாவது எழுதுவார்கள்.

நான் இன்னும் மூன்று வாரத்துக்குப் பயணம் செய்யக் கூடாதாம். அதனால் நீங்கள்தான் வர வேண்டும்.

எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். இதை எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. வரும்போது ஒன்றும் பேசாதீர்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், வழியில் யார் என்ன சொன்னார் என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். சும்மா இருக்கும் உங்களை நான் பார்த்ததே இல்லை.

ஊசி

*

செப்டம்பர் 2

ஊசி,

இதைப் பார்சலில் போடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து முழங்கால் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து குதிக்கிறது.

ஸ்டுடியோக்காரர், "எங்க கிளம்பிட்டீங்க, பையோட?" என்றார். "ஒரு வேலையா" என்றேன். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பாவம், வெயில் வேறு.

உன் மேடத்திடம் நான் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் சம்மதித்தால், அவர் எதிரில் நின்று, நான் செய்ததை நானே என் வாயால் சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அது ஒன்றைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதுவும் நீ சொல்லும்போதுதான்.

இப்போது வாசலுக்கு வந்திருப்பேன். போனைக் கொடுத்திருப்பேன். வாசல்காரர், "யாரைப் பார்க்கணும், என்ன விஷயம்?" என்று கேட்டிருப்பார். நான் பதில் சொல்லாமல் இந்தக் காகிதத்தை மடித்து, உன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டியிருப்பேன். ஊமை என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நீ படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் நான் கேட்டுக்கு வெளியே, கேமராக்காரர்களுக்கு நடுவில், நீலச் சட்டையில் நிற்கிறேன். அவர்கள் எல்லாரும் வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திரைச்சீலையை விலக்கு.